மாமியாரின் உயரம்

ஹார்லன் எண்பத்து மூன்று வீடுகளுக்குக் குழாய் போட்டவன். தரைக்கடியில் டேங்க், மோட்டாருக்கு சோலார் தகடு, அடுப்படியில் சிங்க். இரண்டே நாளில் முடித்துவிடுவான். கூடமாட வேலை செய்வது நான். ஆனால் அவன் மாமியார் லூயிஸா வீட்டில் மட்டும் பீப்பாய்த் தண்ணீர்தான்.

எங்கள் நவஹோ பழங்குடி வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். பன்னிரண்டு வருஷமாக அவள் வெளியே வந்தால் இவன் வண்டிக்குப் பின்னால் பதுங்குவான். அவளிடமிருந்து இவனுக்குக் கிடைத்ததெல்லாம் இடி மாதிரிக் குரலும், யார் கையிலாவது கொடுத்தனுப்பும் அரைக் கோப்பைக் காபியும்தான்.

"பார்த்தியா மச்சான், மருமகனுக்கு அரைக் கோப்பை!" என்று என்னிடம் குமுறுவான். நான் அவன் மனைவியின் குலம். எனக்கு லூயிஸா சின்னம்மா, பார்க்கத் தடையில்லை.

அவளுக்கு முழங்கால் போய்விட்டது. இனி பீப்பாய் உருட்ட முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் அவளுக்கென ஒதுக்கிய டேங்க் அடுத்த ஊருக்குப் போய்விடும். வேறு ஆள் போட்டால் ஒழுகும், வேண்டாம் என்று சின்னம்மா ஒரே பிடிவாதம். வீட்டை விட்டு நகரவும் மாட்டாள்.

கடைசியில் அடுப்படிக்குக் குறுக்கே ஒரு கம்பளியைக் கட்டினோம். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், ஓரத்தில் நான்.

"இந்தக் குரலுக்கு ஆறடிக்குக் குறையாது. குனிஞ்சா முழங்கால் வலிக்கும், பாவம்" என்று கிசுகிசுத்தபடி சிங்க்கை ஒரு முழம் உயர்த்தினான் ஹார்லன்.

நான் வாயே திறக்கவில்லை. இப்படி ஒரு நாள் இனி எப்போது வாய்க்கும்?

முடித்துவிட்டு அவன் வெளியேற, சின்னம்மா வந்தாள். சிங்க் அவள் தாடைக்கு நேராக நின்றது.

"டேய், அந்த ஆளைக் கேளு! இது பாத்திரம் கழுவவா, குதிரைக்குத் தீனி வைக்கவா?"

"என்ன சொல்றாங்க?" என்றான் வெளியே ஹார்லன்.

"உன் தோளுக்குக்கூட வரமாட்டாங்க மச்சான்."

"அடப்பாவி, முன்னாடியே சொல்லக் கூடாதா!"

மறுபடி கம்பளி. அவள் தன் இடுப்புக்கு நேரே உள்ளங்கையை அதில் வைத்து அழுத்தினாள். இந்தப் பக்கம் புடைத்த இடத்தில் அவன் சாக்பீஸால் கோடு போட்டான். குழந்தைக் கை அளவுதான் இருந்தது. அந்தக் கையா இத்தனை வருஷம் பீப்பாய் உருட்டியது? பிறகு அவன் குறடை எடுத்தான். பொழுது சாயும்வரை எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டிவிட்டு வெளியே போனான்.

சின்னம்மா குழாயைத் திறந்தாள். அவளிடமிருந்து சத்தமே இல்லை.

"என்னாச்சு? தண்ணி வரலையா?" என்று ஹார்லன் பதறினான்.

வந்தது. அவள் குழாயடியில் முகத்தை வைத்து நின்றாள். வழிந்த தண்ணீரைப் பிடிக்க முதல் முறையாக அடியில் பாத்திரம் வைக்கவில்லை.

பிறகு அடுப்பை மூட்டினாள். விளிம்பு தளும்பத் தளும்ப ஒரு கோப்பைக் காபியை என் கையில் கொடுத்தாள்.

"அந்த ஆளுகிட்டக் குடு. அரைக் கோப்பைக்கு மேல குடுக்கத் தண்ணி இருந்ததில்லன்னு சொல்லு."