வெள்ளிக்கிழமை பூட்டாத கடை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தப் படத்தை நான் கையில் வாங்கிப் பார்த்தவன், எனக்கு அது போதும். கதை கட்டுவதென்றால் கந்தப்புவை வைத்தா கட்டுவேன்? பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் அவர். தும்மினால்கூட மணி பார்த்து நோட்டில் எழுதுகிற ஆள். இதில் வரும் நேரமெல்லாம் அந்த நோட்டில் இருப்பவைதான்.

1987. ஜார்ஜ்டவுனில் குயின் தெருவை ஒட்டிய சந்தில் சீனி முகம்மதுவின் நாசி கண்டார் கடை, சோறும் கறியும் விற்கிற கடை. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்துவிட்டு கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போயாக வேண்டும். வாப்பா காலத்துக் கடை. புதுக் கடைச் சுவரில் மாட்ட அதன் படம் ஒன்று வேண்டும், அவருக்கு அந்த ஒரே ஆசைதான். இரண்டு ஸ்டுடியோக்காரர்கள் வந்து தோற்றுப் போனார்கள். வாசலில் கொளுத்தும் வெயில், உள்ளே கரி படிந்த இருட்டு. தெரு தெரிந்தால் கடை கறுப்பு. கடை தெரிந்தால் தெரு வெறும் வெள்ளை.

"நான் எடுத்துத் தர்றேண்ணே" என்று வாயை விட்டார் கந்தப்பு. ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருந்தார். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியை ஐந்து விதமாக எடுக்க வேண்டும். முதல் படம் முப்பது வினாடி, இருட்டுக்காக. அப்படியே குறைத்துக்கொண்டே வந்து, கடைசிப் படம் கண் சிமிட்டும் நேரம், வெயிலுக்காக. பிறகு ஐந்து நெகட்டிவையும் ஒரே தாளில் அச்சடிக்க வேண்டும். இன்றைக்குக் கைப்பேசியில் எச்.டி.ஆர். என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அன்றைக்கு அது பெரிய வித்தை, அவருக்கு முதல் முயற்சி.

கடை காலியாக இருப்பது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் மட்டும்தான். அப்போதுகூட சீனி முகம்மது இரும்பு மடக்கு கேட்டை இழுத்து மூடிவிட்டுப் போவாரே தவிர, பூட்ட மாட்டார். தெருவே அதைச் சொல்லிக் கேலி செய்யும்.

"இன்னிக்குப் பூட்டிட்டுப் போங்கண்ணே. யாராச்சும் உள்ள வந்தா படம் போச்சு."

"வேணாம் தம்பி."

"ஒரு மணி நேரம்தான்லா."

சீனி முகம்மது பூட்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கந்தப்புவை உள்ளே விட்டு வெளியிலிருந்து பூட்டினார். மணி 1.06.

கந்தப்பு கடையின் பின்கோடியில், அடுப்புப் பக்கம், கேட்டைப் பார்த்தபடி கேமராவை நிறுத்தினார். இடப்பக்கம் அரிசி மூட்டைகள். வேறு யாரும் இல்லை.

1.24. முதல் படம். முப்பது வினாடியை மனத்துக்குள் எண்ணினார். பதினெட்டு... பத்தொன்பது... இடப்பக்கம் யாரோ இருமினார்கள். திரும்பினார். மூட்டைகள்தான்.

1.28. இரண்டாவது. மேசைகளுக்கு நடுவே செருப்பு தேய்கிற சத்தம். சரக்... சரக்...

1.31. மூன்றாவது. ஒரு பெஞ்சு நகர்ந்தது. யாரோ இடித்துக்கொண்டு போனது போல.

1.34. நான்காவது. புகை நாற்றம். அடுப்பு காலையிலேயே அணைந்திருந்தது...

1.38. கடைசி.

கிளிக்.

கேட் ஆடியது.

கட... கட... கட...

வெளியே யாரும் இல்லை.

1.52க்கு சீனி முகம்மது ஓடி வந்தார். ஜும்ஆ முடிந்து, அதற்குப் பின் தொழும் சுன்னத் தொழுகைக்குக்கூட நிற்கவில்லை.

"ஒண்ணும் இல்லயே தம்பி?"

"ஒண்ணும் இல்லண்ணே" என்றார் கந்தப்பு. எங்கே படம் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

புதன்கிழமை வீட்டுக் குளியலறையை இருட்டாக்கி அச்சடித்தார். ஒவ்வொரு நெகட்டிவிலும் ஒரு கறை இருந்தது. தூசி என்று நினைத்தார். ஐந்தையும் ஒரே தாளில் இறக்கி, தாளை மருந்துத் தட்டில் போட்டார். தெரு வந்தது. மேசைகள் வந்தன. அவ்வளவு அழகான படம். பிறகு அந்த ஆள் வந்தார்.

ஒரே ஆள். ஐந்து இடங்களில்.

இடது ஓரத்தில் ஒரு தோள், கேமராவுக்கு ஒரு முழம் தள்ளி. பிறகு மேசைகளுக்கு நடுவே முதுகு. பிறகு பெஞ்சருகே. பிறகு இன்னும் முன்னால். கடைசியில் கேட்டில், இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி, கறுப்பாக.

முப்பது வினாடியில் தெருவில் நடந்தவர்கள் எல்லாம் கரைந்து போயிருந்தார்கள். அந்தத் தோள் மட்டும் கரையவில்லை. பனியனில் கிழிந்து தைத்த இடம்கூடத் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் புக்கிட் மெர்தாஜாம். படம் சரியாக வரவில்லை என்று சொல்லிவிடத்தான் போனார். சீனி முகம்மது சுவரில் ஆணி அடித்துவிட்டுக் காத்திருந்தார். கந்தப்புவுக்குப் பொய் வரவில்லை, படத்தைக் கொடுத்துவிட்டார்.

சீனி முகம்மது அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சுல்தான்... என் மச்சான். எம் பொண்டாட்டி நூர்ஜானோட அண்ணன்."

"இப்ப எங்க இருக்காரு?"

"பன்னண்டு வருஷம் ஆச்சு தம்பி. ஒரு வெள்ளிக்கிழமை. காய்ச்சல்ல மூட்டைக்குப் பின்னால படுத்திருந்திருக்கான். தெரியாம நான் பூட்டிட்டுப் போயிட்டேன். அடுப்புல தீ பிடிச்சு ஒரே புகை... கூப்பிட்டிருப்பான். பள்ளிவாசல் மைக் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? வந்து பார்த்தப்ப கேட்டைப் பிடிச்சபடியே இருந்தான். விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தோம்."

சீனி முகம்மது படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"அதுலேர்ந்து வெள்ளிக்கிழமை நான் பூட்டினதே இல்ல. நீ சொன்ன அன்னிக்கு மட்டும்தான்."

சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை கடையைப் பூட்டி சாவிய கட்டடக்காரர்கிட்ட குடுத்துட்டேனே... நாளைக்கு வெள்ளிக்கிழமை. கெரெட்டாவ எடு தம்பி."

காரில் கடல் பாலத்தைத் தாண்டி, சாவியை வாங்கிக்கொண்டு, கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது 6.40. சீனி முகம்மது பூட்டைத் திறந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் கேட்டை இழுத்து, சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

உள்ளே வெறும் தரை. ஒரு சத்தமும் இல்லை.

கந்தப்புவின் நோட்டில் இப்படி இருக்கிறது: "6.42. திறந்தோம். யாரும் வரவில்லை."

அடுத்த கடை வாசலில் பூக்காரர் பிச்சைமுத்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து தெருக்கோடியைப் பார்த்தார். பிறகு இவர்களைப் பார்த்தார்.

"இப்ப உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருமிக்கிட்டே போனாரே... யாருண்ணே அது?"