காட்டுக்குள் ஒரு வெயில் திட்டு

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை. காலை ஐந்தே முக்காலுக்குப் புதுக்கடையில் மார்த்தாண்டம் பேருந்து ஏறினேன். மடியில், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அடைத்த தூக்குச்சட்டி. மகள் ஜெனி குலசேகரத்தில் அறை எடுத்துத் தங்கி, பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காட்டில் மரங்களைக் கணக்கெடுத்து ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டு வருடமாகியும் அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்க ஆசைப்பட்டுக் கிளம்பவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு, போதும் வீட்டுக்கு வா என்று கையோடு கூட்டிவரத்தான் கிளம்பினேன்.

குலசேகரத்தில் ஏழரைக்கு ஜீப் நின்றது. வாடகை இரண்டாயிரம் ரூபாய். எனக்கும் காட்டுக்குள் போக ஜெனி அனுமதி வாங்கி வைத்திருந்தாள். ஓட்டுநர் தங்கராஜ்தான் வாராவாரம் அவளுக்குத் துணையாகக் காட்டுக்குள் நடப்பவர். புதுக்கடையிலிருந்து பேச்சிப்பாறை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; குலசேகரம் தாண்டியபின் இருபுறமும் ரப்பர் தோட்டம்தான். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, கரைச்சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆனை இருக்குமா என்று தங்கராஜிடம் கேட்டேன். அதற்குள் மூன்று தடவை கேட்டிருப்பேன்.

“டீச்சருக்க மீன்கறி மணத்துக்கு ஆனை வராது. நான்தான் வருவேன்” என்றார். ஜெனி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதரைக்கு மண்பாதை முடிந்தது. அதன்பின் ஒன்றரை மணி நேரம் செங்குத்தான ஏற்றம். உயரம் கூடக்கூடக் காடு இருட்டிக்கொண்டே வந்தது. பகல் பதினொரு மணி என்று கடிகாரம் சொன்னாலும் நம்ப முடியவில்லை. அடிமரங்கள் தூண்களாக மேலே போய் மறைந்தன. கால் வைக்குமிடத்தில் என்ன கிடக்கிறதென்று தெரியாமல், ஒவ்வோர் அடிக்கும் மனசுக்குள் ஜெபித்தபடி நடந்தேன். அட்டைக்குப் பயந்து காலுறையில் புகையிலைத் தூள் தேய்த்திருந்தேன். ஓர் அட்டைகூட ஏறவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன். முன்பெல்லாம் இதே மாதத்தில் கால் நிறைய ஏறும், இப்போது மண்ணில் அதற்குரிய ஈரம் இல்லை என்றாள் ஜெனி. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

அவள் வேலை செய்யுமிடம், கயிறு கட்டிச் சதுரமாகப் பிரித்த ஒரு காட்டுத் துண்டு. ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த சிறு தகடு. வெடிப்பலாவும் நாங்கும்தான் இந்தக் காட்டின் பெரிய மரங்கள். அவற்றுக்கு வருடத்தில் பெரும்பாலும் மழை வேண்டும், மூடுபனியாக மஞ்சு இறங்க வேண்டும். மழை தவறி வெப்பம் கூடும்போது மிக உயர்ந்தவை முதலில் பட்டுப்போகின்றன. அவற்றின் கன்றுகள் முளைத்தாலும் அடுத்த கோடையைத் தாண்டுவதில்லை. அந்த இடத்தைச் சூடு தாங்கும் கீழ்மலை மரங்கள் பிடித்துக்கொள்கின்றன.

“காடு போயிராதும்மா. பச்சையாத்தான் இருக்கும். ஆனா வேற காடு” என்றாள். அந்தப் பச்சை எனக்குத் திடீரென்று பிடிக்காமல் போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு அவள் மண்டியிட்டுக் கன்றுகளை அளக்கத் தொடங்கினாள். தங்கராஜ் நாடாவைப் பிடித்தார். இருட்டில் சும்மா நிற்க என்னால் முடியவில்லை. கொஞ்சம் தள்ளி, தரையில் நல்ல வெயில் விழுந்த ஒரு திட்டு தெரிந்தது. போய்ப் பார்த்தால் ஆளுயரத்துக்கு, அகல இலையோடு வட்டை மரக்கன்றுகள். எங்கள் ஊரில் ரப்பர் வெட்டிய இடமெல்லாம் தானாக முளைப்பது. அந்த இலையில்தான் அந்தக் காலத்தில் சந்தையில் மீன் பொதிந்து தருவார்கள். அயலூரில் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது. மூன்று இலை பறித்து விரித்து, உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்தேன். முதுகில் வெயில் இதமாக விழுந்தது. காலையிலிருந்து இருந்த பயம் அப்போதுதான் சற்று விலகியது.

ஜெனி திரும்பிப் பார்த்தாள். “அம்மா, எழும்புங்க.”

“நீ வா மக்கா, இங்க நல்ல வெளிச்சம். சாப்பிட நேரமாச்சு.”

அவள் சத்தம் போடவில்லை. எழுந்த தங்கராஜைக் கையால் நிறுத்திவிட்டுத் தானே வந்தாள். கீழே பார்க்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். என் புஜத்தைப் பிடித்து இழுத்தாள். நான் சட்டியை எட்டி எடுக்கப் போனேன். “விடுங்கம்மா” என்றாள். என் மகள் என்னை அப்படி இறுக்கிப் பிடித்ததே இல்லை.

இருட்டுக்குள் வந்த பிறகுதான் மேலே காட்டினாள். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே ராட்சச வெடிப்பலா ஒன்று, ஓர் இலை இல்லாமல், சாம்பல் நிறத்தில் நின்றது. இந்தக் காட்டில் வெயில் தரையைத் தொட்டால், மேலே ஒரு மரம் செத்திருக்கிறது என்று அர்த்தம். அதை அவள் சொல்லி முடிக்கவில்லை. காற்றே இல்லை. பக்கத்து மரங்களில் ஓர் இலைகூட ஆடவில்லை. மேலே ஒரு முறிவுச் சத்தம் மட்டும் கேட்டது. மின்கம்பம் அளவு பருத்த கிளை வட்டைக் கன்றுகளின்மேல் விழுந்தது. காலடியில் நிலம் அதிர்ந்தது. தூசி அடங்கியபோது விரித்த இலைகளும் இல்லை, சட்டியும் இல்லை.

இதற்கு முன்னும் இப்படி விழுந்திருக்கிறதா என்று கேட்டேன். தங்கராஜ் ஜெனியைப் பார்த்தார்.

“ஒண்ணு ரெண்டு தடவ” என்றாள் அவள். “சொன்னா விடமாட்டிய.”

பிறகு குனிந்து, விட்ட கன்றிலிருந்து அளக்கத் தொடங்கினாள். நான் ஒரு நாங்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். தங்கராஜ் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இருக்கு டீச்சர், இப்பத்துக்கு” என்றார். அவர் கேலி செய்யவில்லை.

இறங்கும்போது ஜீப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளூர்ப் பள்ளியில் வேலை கிடைக்கும், அவள் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, எனக்கு இனித் தூக்கம் வராது. எல்லாம் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை மறுபடியும் போகவேண்டும், பாதிதான் அளந்திருக்கிறது என்றாள்.

மாலை ஐந்தரை, குலசேகரம் பேருந்து நிலையம். கூட்டிப்போக வந்தவள் தனியாக ஏறினேன். ஜன்னல் வழியே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் இடுக்கெல்லாம் கீறல். சின்ன வயதில் இவளை எத்தனை முறை இருட்டில் நிற்காதே, வெளிச்சத்துக்கு வா என்று அழைத்திருப்பேன்.

“இருட்டுக்குள்ளயே நில்லு மக்கா” என்றேன்.

பக்கத்து இருக்கைப் பெண் திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பேருந்து நகர்ந்தது. ஜெனி கையை விடாமல் கூடவே நாலடி நடந்தாள்.

“அந்த இருட்டுதாம்மா கொறஞ்சிட்டு வருது.”