இரண்டு அரசிகளின் பாடம்

அப்போது நான் ரங்கூனில் ஒரு மிஷன் பள்ளியில் சரித்திர ஆசிரியர்; அங்கே ஆசிரியரை 'சயா' என்பார்கள். அன்று நடத்தியது இரண்டு அரசிகளின் பாடம். இங்கிலாந்து அரசியிடம் தஞ்சம் தேடி வந்தாள் அவளுடைய உறவுச் சகோதரியான ஸ்காட்லாந்து அரசி. தன் அரியணையைப் பறித்துவிடுவாளோ என்ற பயத்தில் இங்கிலாந்து அரசி அவளைப் பல வருடம் சிறைவைத்து, கடைசியில் தலையை வெட்டச் சொன்னாள். இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

பாதிப் பாடத்தில் பியூன் எட்டிப் பார்த்தான்.

"சயா, உங்க தம்பின்னு ஒருத்தர் கேட்ல நிக்கிறாரு."

என் சித்தப்பா மகன். ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான மாவ்பியில், மற்ற இந்தியர் கடைகளோடு அவனுடைய கடையையும் பர்மிய அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. குடியுரிமை இல்லாத அவனைக் காவலில் வைக்காதிருக்க, குடியுரிமையுள்ள நான் ஜாமீன் நிற்க வேண்டும். சிறுவயதிலிருந்து எல்லாவற்றிலும் என்னை முந்தியவன் அவன். என் அப்பாவே அவனைத்தான் மெச்சுவார்.

"வகுப்புல இருக்கேன், அப்புறம் வரச் சொல்லு."

முன்வரிசை மாணவி கேட்டாள்: "ஒரு தடவை நேர்ல பாத்திருந்தா கொன்னிருக்க மாட்டாங்கல்ல, சயா?"

"அதனாலதாம்மா பாக்கல" என்றேன். வகுப்பு சிரித்தது.

மணியடித்ததும் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த வாரமே அவனைப் பிடித்துப் போனார்கள். காவலில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்தான். உடலை அடையாளம் காட்ட, ஊரில் இருந்த ஒரே இரத்த உறவு என்று என்னைத்தான் அழைத்தார்கள். துணியை விலக்கியபோது, "இவன் என் தம்பிதான்" என்றேன். உயிரோடு இருந்தவரை அவனை யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.