நெற்றிக்குப் பின்னால் ஒரு பிடி

வலது கை ஆள்காட்டி விரல் மேலே போய்விட்டால், வீட்டில் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவள் ஏதோ யோசனையில் இருக்கும்போது நாம் குறுக்கே பேசினால் திரும்பிப் பார்க்க மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். விரல் மட்டும் எழும். யோசனை ஒரு கரைக்கு வந்து சேர்ந்ததும் விரல் இறங்கும். அப்புறம்தான், "இப்ப சொல்லுங்கப்பா" என்பாள். பட்டறையில் நான் இருமினால் லேத் நிற்கும். அப்படிப்பட்ட என்னை ஒற்றை விரலால் நிறுத்தி வைக்கிற ஒரே ஆள் என் இளைய மகள்தான். அவளுடைய அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் சிக்னல்.

பத்திரிகைகளில் எத்தனையோ பேரைப் பற்றி எழுதுகிறார்கள். என் மகளைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இருந்தாலும் இரும்பை வளைத்த கைக்கு எழுத்து என்ன பெரிய விஷயமா? நானே எழுதிவிட்டேன்.

குரங்குக்கு ஞாபகம் எப்படி நிற்கிறது என்று பார்ப்பது அவள் தொழில். ஆராய்ச்சிக்கூடத்தின் கடைசி வராந்தாவில் ஒரு சின்ன அறை. மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவிய தரை, பாதி உயரத்துக்குப் பச்சைப் பெயிண்ட், நடுவில் ஒரு கூண்டு. கூண்டுக்கு எதிரே ஒரு பலகையில் இரண்டு கிண்ணங்கள் கவிழ்ந்திருக்கும். குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிண்ணத்துக்கு அடியில் திராட்சையை வைப்பாள். பிறகு நடுவே ஒரு தகடு இறங்கி எல்லாவற்றையும் மறைத்துவிடும். கொஞ்ச நேரம் காத்திருந்து தகடு ஏறியதும் குரங்கு கையை நீட்டி ஒரு கிண்ணத்தை எடுக்க வேண்டும். சரியாக எடுத்தால் திராட்சை, தப்பாக எடுத்தால் வெறும் பலகை.

இந்தக் கண்ணாமூச்சிக்காகவா இத்தனை வருஷம் படிக்க வைத்தேன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் எழுந்து வந்து என் நெற்றியில் விரலை வைத்தாள்.

"கண்ணுக்கு எதிர்ல இருக்கிறதைப் பார்க்கக் கண்ணு போதும்ப்பா. கண்ணை விட்டுப் போனதைப் பிடிச்சு வச்சிருக்கிறது இதுக்குப் பின்னாடி இருக்கிற மூளைதான். தகடு மூடியிருக்கும்போது அங்க சில நரம்புங்க மட்டும் அணையாம எரிஞ்சுகிட்டே இருக்கும். வெளியில எவன் சத்தம் போட்டாலும், 'நீ அதைப் பார்க்காதே, இதை விடாதே'ன்னு உள்ள இருந்து சொல்றதும் அதே இடம்தான். குரங்குக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான்."

குரங்கையும் என்னையும் ஒரே வாக்கியத்தில் வைத்ததற்கு என் மனைவி முகத்தைச் சுளித்தாள். எனக்கு அது ஒரு பட்டம் வாங்கியதுபோல இருந்தது.

தன் நெற்றிக்குள் எவ்வளவு கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். கடைக்குப் போகச் சொல்லி அம்மா சாமான்களை அடுக்கிக்கொண்டே போனால் பாதியில் விரல் எழும். "நாலோட நிறுத்தும்மா. அஞ்சாவதைச் சொன்னா அது உள்ள வந்து ஒண்ணை வெளியில தள்ளிவிட்டுடும்." ஞானி மாதிரிதான் சொல்லுவாள். ஆனால் போகிற வழியில் யாராவது நிறுத்திப் பேசிவிட்டால் நாலும் போய்விடும், வெறுங்கையோடு வந்து நிற்பாள். அண்ணன்காரன் விடுவானா? "ஊர்க் குரங்குக்கெல்லாம் ஞாபகம் வைக்கிறாங்க, நம்ம வீட்டுக்கு உப்பு இல்லை" என்பான். "உப்பு இருந்துச்சுண்ணா, நடுவுல உன் பேச்சு வந்து தள்ளிடுச்சு" என்று அவன் தலையிலேயே போட்டுவிட்டு மறுபடியும் கிளம்புவாள்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்துக் குரங்குகளிலேயே மூத்ததற்குப் பெரியவர் என்று பெயர். மோவாயில் நரை, கீழ் உதடு தொங்கல், எதற்கும் அவசரப்படாத பார்வை. அவரைப் பற்றிப் பேசும்போது 'சாப்பிட்டாரு', 'கோவிச்சுக்கிட்டாரு' என்றுதான் சொல்வாள். வீட்டுப் பெரியவருக்கு இல்லாத மரியாதை அங்கே கொட்டிக் கிடக்கிறதே என்று அவள் அம்மா குத்திக் காட்டுவாள். "இவரு சொன்ன பேச்சைக் கேட்டா இவருக்கும் குடுப்பேன்" என்று என்னைக் காட்டிப் பதில் வரும். நான் காதில் விழாததுபோல இருந்துவிடுவேன்.

வயதானால் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பிடிதான் முதலில் தளர்கிறதாம். குரங்குக்கும் அதே கதிதான். பெரியவர் கிண்ணங்களை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சில மாதங்களில் பெரியவர் இளவட்டம்போல ஆகிவிட்டார். தகடு எவ்வளவு நேரம் மூடியிருந்தாலும் கை நேராகத் திராட்சைக்குப் போனது. அந்த ஆராய்ச்சிக்குத் தலைவர் ஒருவர் இருக்கிறார். நான் பெரிய டாக்டர் என்பேன். அவர் வெளியூர் அறிஞர்களையெல்லாம் கூட்டத்துக்கு அழைத்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் என் மகளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்றும் சொல்லியிருந்தார். நான் பட்டறையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அவள் அதைப் பார்த்தாள்.

கூண்டின் முன்பக்கம் இடுப்பளவுக்கு அசையாத ஒரு தடுப்பு உண்டு, குரங்கு கீழே கையைவிட்டு எதையும் பிடுங்காமல் இருப்பதற்காக. குரங்கைப் படம்பிடிக்கிற கேமரா அதற்கு மேலே, முகத்துக்கு நேராக இருந்தது. நெற்றியை ஆராய்கிறவர்கள் ஆயிற்றே, அத்தனை பேரும் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை என்ன செய்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அன்று அவளோடு வேலை செய்கிற பெண் திராட்சை வைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யக் கூண்டின் பக்கவாட்டில் குனிந்திருந்தாள். திராட்சை இடப்பக்கம் போனது. தகடு இறங்கியது. பெரியவர் சாவகாசமாகத் தடுப்புக்குப் பின்னால் இடது கையால் இடப்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே சுற்றிலும் வேடிக்கை பார்த்தார், கொட்டாவிகூட விட்டார். தகடு ஏறியதும் அந்தக் கை அப்படியே நேராக நீண்டது.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமல் பட்டறைப் பக்கமாகவே வந்தாள். நான் ஒரு குழாயில் வெட்ட வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையில் போனை வைத்து ஒரு வாடிக்கைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதேதான்ப்பா. உங்க விரல் வேலையைத்தான் அவரும் பண்றாரு. மூளையில பிடிக்க முடியலை, கையில பிடிச்சிருக்காரு."

புத்திசாலி என்றேன். "ரொம்பப் புத்திசாலி. ஆனா மருந்து வேலை செஞ்சுதான்னு இனி யாருக்கும் தெரியாது" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கொடுத்த இனிப்பைத் திரும்ப வாங்கவா முடியும்? யாரும் பார்க்கவில்லையே, கூட்டம் முடியட்டுமே என்று சொல்ல வாயெடுத்தேன். விரல் எழவில்லை. வெறுமனே என்னைப் பார்த்தாள். நான் திரும்பிக் குழாயை வெட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் அவளே போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கூப்பிட்ட கூட்டத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டுமே. கையை வைத்தால் என்ன, சரியாகத்தானே எடுக்கிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்.

"கைதான் ஞாபகம் வச்சிருக்குன்னா, மருந்தைக் கையில தடவியிருக்கலாமே சார்" என்றாளாம் இவள்.

அவருக்குச் சிரிப்பும் வந்ததாம், வேர்வையும் வந்ததாம். கூட்டத்தைத் தள்ளிவைத்தார். கைக்கு வேலையில்லாமல் மறுபடியும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அதிலும் பெரியவர் சரியாக எடுத்தால் மருந்து நிலைக்கும், அவள் வேலையும் நிலைக்கும். தடுமாறினால் அந்த ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். அவள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இவ்வளவையும் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள். என் மனைவி சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள்.

கையைக் கட்டிப்போட்டால் போயிற்று என்று அண்ணன் யோசனை சொன்னான். கட்டினால் பெரியவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கவனம் போய்விடும் என்று மறுத்துவிட்டாள். அவராக விரும்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கூண்டின் நடுவில் இரண்டு பிடிகள் வேண்டும். இரண்டு கையாலும் பிடித்திருந்தால்தான் தகடு மேலே ஏறும், ஒரு கையை எடுத்தாலும் ஏறக் கூடாது. செய்ய முடியுமா என்று என்னைக் கேட்டாள். என்னைக் கேட்கிற கேள்வியா அது?

எவர்சில்வர் குழாயில் செய்தேன். குரங்குக் கைக்கு எந்தப் பருமன் என்று தெரிவதற்காக, பெரியவர் வழக்கமாகப் பிடிக்கும் கம்பியின் அளவை எடுத்து வரச் சொன்னேன். பல்லால் கடித்தாலும் பெயராதபடி பற்றவைத்தேன். ஒரு பிசிறுகூட இல்லாமல் அரம் போட்டு, என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். என் வாழ்நாளில் மாளிகைகளுக்குக் கதவு செய்திருக்கிறேன். இந்தச் சாண் நீளக் குழாய்க்கு எடுத்துக்கொண்ட சிரத்தையை அவற்றுக்கு எடுத்தேனா என்பது சந்தேகம்தான். பெரியவர் அந்தப் பிடிகளுக்குப் பழகச் சில வாரங்கள் ஆயின. பிடித்தால் தகடு ஏறும், தகடு ஏறினால் பழம் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டதாம். "உங்க கைராசிப்பா" என்றாள். அதிலும் உண்மை இருக்கிறது.

கடைசியில் சோதனைக்கு முந்தின நாள் ஒரு பிடி இறுக்கமாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். சரிசெய்துவிட்டு, மறுநாளும் வந்து பார்க்கட்டுமா என்று பெரிய டாக்டரையே நேரில் கேட்டுவிட்டேன். கேட்கிறவனுக்குத்தானே கிடைக்கும்? அறைக்குள் விடவில்லை. கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் இருந்தது. அது வழியாகப் பார்க்கலாம் என்றார்கள். உள்ளே போகுமுன் என் மகள் சட்டம் போட்டாள். தட்டில் இருக்கிற திராட்சை தீரும்வரை யாரும் எதுவும் பேசக் கூடாது. தகடு ஏறும்போது அவளும் கிண்ணங்களைப் பார்க்க மாட்டாள்.

"பெரியவர் என் மூஞ்சியைப் படிச்சுடுவாருப்பா. சரியா எடுக்கணும்னு இங்க எனக்கு இருக்கிற ஆசை வேற யாருக்கும் இல்லை. அது மூஞ்சியில வராம இருக்காது."

கதவு சாத்தப்பட்டது. கண்ணாடியில் என் மூக்கு ஒட்டிக்கொண்டது.

அவள் ஒரு திராட்சையை எடுத்துப் பெரியவருக்குக் காட்டி, வலப்பக்கக் கிண்ணத்தால் மூடினாள். தகட்டை இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பெரியவரின் நரைத்த கைகள் இரண்டும் நான் செய்த பிடிகளில் இருந்தன. ஒரு விரல் கம்பிப் பக்கம் போகத் துடித்து, திரும்ப வந்தது. தகடு ஏறியது. பெரியவர் இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இடப்பக்கத்தைத் திறந்தார். வெறும் பலகை.

அவள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நொடியில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பி வெறும் பலகையைப் பார்த்தபோதும் முகம் மாறாமல் அடுத்த திராட்சையை எடுத்தாள். அந்த முறை தகடு மூடியிருக்கும்போது வெளியே வராந்தாவில் கூட வேலை செய்கிற பெண் ஒரு தட்டை டமாலென்று கீழே போட்டாள். கவனம் சிதறுகிறதா என்று பார்ப்பதற்காம். எனக்கே உயிர் போய் வந்தது. பெரியவர் கதவுப் பக்கம் திரும்பி என் கண்ணையே பார்த்தார். கைகள் பிடியை விடவில்லை. நெற்றித் தோல் மட்டும் ஒருதரம் மேலே ஏறி இறங்கியது. தகடு ஏறியது. யோசிக்காமல் கையை நீட்டினார். திராட்சை.

அடுத்ததும் திராட்சை. அதற்கடுத்ததும். நடுவில் ஒன்று தவறியது. பிறகு மறுபடியும் திராட்சை, மறுபடியும் திராட்சை. மென்று மென்று பெரியவரின் தொங்கிய உதட்டில் சாறு வழிந்தது. ஒவ்வொரு தடவையும் என் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, முதுகால் காத்திருந்தாள். தட்டில் இன்னும் கொஞ்சம் பழம் இருந்தது. என்னால் முடியவில்லை. சட்டமாவது மண்ணாவது என்று உள்ளங்கையால் கதவை ஓங்கித் தட்டி, "கண்ணு" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவள் திரும்பவில்லை. பச்சைச் சுவருக்கு நேராக, வலது கை ஆள்காட்டி விரல் மெதுவாக மேலே எழுந்தது.