மாத்தி வச்சா மதி

எங்க ஊட்டுக் கம்ப்யூட்டர் மேல எனக்கு இருக்கற கோவம் இன்னிக்கும் தீரல. எழுதி வச்சாவது கொஞ்சம் ஆறுமான்னு பாக்கறேன்.

மலையாள எல்லைக்குள்ள, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்க ஊடு. நான் தையல்காரி. முன்னறையில தையல் மெஷினுக்குப் பக்கத்துலயே அது உக்காந்திருக்கும். பழசுதான், ஆனா ஒரு குத்தம் சொல்ல முடியாது, நல்லா ஓடிட்டிருந்துச்சு. ரவிக்கைக் கழுத்துக்கு டிசைன் பாக்க எனக்கு, வேலைக்கு மனுப் போட என்ற மகளுக்கு. ஊட்டுக்காரர் அந்தப் பக்கமே வரமாட்டாரு.

மழைக்காலத்துல ஆரம்பிச்சுது ரோதனை. ஒரு கழுத்தைப் பெருசு பண்ணி வச்சுட்டு, பென்சிலும் கையுமா வரஞ்சிட்டிருப்பேன். பொசுக்குன்னு திரை பூராவும் நீலமா ஒரு பலகை வந்து மறைச்சுக்கும். புதுப் பதிப்பு வந்திருக்குது, மாறிக்குங்கன்னு இங்கிலீசுல பல்லை இளிக்கும். கீழ ரெண்டு பொத்தான். ஒண்ணு, இப்பவே மாத்து. இன்னொண்ணு, அப்புறம் ஞாபகப்படுத்து. வேண்டாம்னு ஒண்ணு கெடையாது. மூலை முடுக்கெல்லாம் தேடியாச்சு, இல்லவே இல்ல.

வாசல்ல பாய் விக்கறவரு வந்து நின்னா, வேண்டாமுங்கன்னு சொன்னாப் போயிர்றாரு. மனுசனுக்கு அந்த மரியாதை தெரியுது. இது என்ற ஊட்டுக்குள்ள, என்ற மேசை மேல உக்காந்துட்டு, நான் வேண்டாம்னே சொல்லக்கூடாதுங்குது. அப்புறம்னு அமுக்குவேன். மூணு நாள்ல மறுபடியும் வந்து நிக்கும். "இது உன்ற கம்ப்யூட்டரா, என்ற கம்ப்யூட்டரா?"ன்னு ஒருநாள் திரையப் பாத்தே கேட்டுப்போட்டேன். ஊட்டுக்காரர் கஞ்சிக் கிண்ணத்தோட வந்து எட்டிப் பாத்துட்டு, யாரு வந்திருக்கறதுன்னு கேட்டாரு.

மகளுக்கு இருபத்தாறு வயசு. லேப் டெக்னீசியன் படிப்பு படிச்சவ. கொச்சியில ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. ஊட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல கலந்துக்கலாம், நடுவுல ஒரு பரீட்சையும் டைப் பண்ணணும், அதனால போன்ல கூடாதுன்னு மெயில்ல எழுதியிருந்துச்சு. அதுல அவளுக்கு வேலை மட்டும் இல்ல. எனக்கும் அவளுக்கும் ஒரு பேச்சு இருந்துச்சு. பொள்ளாச்சியில இருக்கற என்ற நாத்தனார் நாலு வருசமா அவளுக்கு வரன் கொண்டுவந்துட்டே இருந்தாங்க. அவ வேண்டாம்பா. நான் சரி, ஆவணி போகட்டும்பேன், தை வரட்டும்பேன். கடைசியில, இந்த வேலை கெடச்சா அவ கொச்சிக்குப் போறது, கெடைக்கலைன்னா தையில பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால நிக்கறதுன்னு முடிவு பண்ணியிருந்தோம். முடிவு பண்ணுனது நான். அவ தலைய மட்டும் ஆட்டுனா.

இன்டர்வியூவுக்கு மூணு நாளைக்கு முன்னால அவ கம்ப்யூட்டர்ல சிநேகிதியோட பேசிப் பாத்துப் பழகிட்டிருந்தா. நடுவுல அந்த நீலப் பலகை வந்து குதிச்சுது. பாவம், சொல்லிட்டிருந்தது மறந்துபோயி முழிச்சா. இன்டர்வியூல இப்படி வந்தா என்னம்மா பண்றதுன்னு அவ கேட்டது எனக்கு மனசுலயே கெடந்துச்சு.

இன்டர்வியூ நாளன்னிக்குப் பதினோரு மணிக்கு ஆரம்பம். ஒம்பதரைக்கு அவ தலைக்குக் குளிக்கப் போயிருந்தா. நான் மேசையத் தொடைச்சு, பின்னால சுவத்துல தொங்குன துணியெல்லாம் எடுத்துட்டுத் திரும்பறேன், பலகை வந்து நிக்குது. இன்னிக்கு உன்னை விடறதில்லைன்னு ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டேன். கல்பாத்திக்குப் பக்கத்துல கடை வச்சிருக்கறவரு, மலையாளத்துக்காரர். என்கிட்டத் தமிழ்லதான் பேசுவாரு, அதாவது தமிழ்னு அவரு நெனச்சுக்குவாரு.

"ஏனுங்க, அந்தப் பலகை மறுபடியும் வந்திருக்குதுங்க. பாப்பாவுக்கு இன்டர்வியூ. நடுவுல வரக்கூடாது. என்னங்க பண்றது?"

"பயப்படண்டா சேச்சி. அத மாத்தி வச்சா மதி. ஒண்ணும் ஆகாது."

மதின்னா போதும். அது எனக்குத் தெரியும். மாத்தி வச்சாப் போதும்ங்கறாரு. இத்தனை நாள் மல்லுக்கு நின்னதுக்கு மாத்தியே தொலைச்சிருக்கலாம்னு நெனச்சுட்டு, இப்பவே மாத்துங்கற பொத்தானை அமுக்குனேன். திரை இருட்டாச்சு. ஒரு வட்டம் சுத்துச்சு. அணைச்சிராதீங்க, கொஞ்ச நேரமாகும்னு எழுத்து வந்துச்சு.

அவ தலையத் துவட்டிட்டு வந்தப்ப ஏழு சதவீதம். அவளுக்கு மொகம் வெளுத்துப்போச்சு. பத்தே காலுக்கு இருபத்தொண்ணு. பத்தே முக்காலுக்கு முப்பத்திநாலு. அந்த வட்டத்தைப் பாத்துட்டு நான் பேசுன பேச்சை இங்க எழுத முடியாது. எங்க ஊட்டுல, எங்க கரண்டுல, எங்களையே வாசல்ல நிறுத்திவச்சுட்டு உள்ள என்னமோ பண்ணிட்டிருந்துச்சு அது. புடுங்கிப் போட்டுரலாம்னு ஒயர் மேல கை வச்சேன். அவ தடுத்துட்டா.

பதினொண்ணுக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்போ ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுனா. ஸ்பீக்கர்ல போட்டா. ஒரு பொம்பளைக் குரல், தன்மையாத்தான் பேசுச்சு. இவ மலையாளத்துல கெஞ்சுனா, கம்ப்யூட்டர் சரியில்ல, வேற ஒரு நாளைக்கு வைக்க முடியுமான்னு.

"சாரி மோளே, இன்டர்வியூ மாற்றி வைக்கான் பற்றில்லல்லோ."

பற்றில்லன்னா முடியாது. வேற நாளைக்குத் தள்ளிப்போட முடியாதுன்னு அந்தம்மா சொல்லுது. தள்ளிப்போடறதுக்கு என்ன சொல்லுச்சு? மாற்றி வைக்கான். நாம மாத்தி வைன்னா ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்கறது. அவங்க மாத்தி வைன்னா அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போடறது. அந்த மனுசன் எனக்கு அப்புறம்ங்கற பொத்தானைத்தான் சொல்லியிருக்காரு. முப்பது வருசமா பஸ்லயும் ரேசன் கடையிலயும் இந்த பாஷைய மென்னுட்டிருக்கேன். அவரு மலையாளத்துலயே பேசியிருந்தா சுதாரிச்சிருப்பேன். தமிழ்ல பேசறாருன்னு நம்பிக் கெட்டேன்.

அதை அவகிட்டச் சொன்னேன். திக்கித் திக்கி, மாத்தி வைன்னாரு கண்ணு, நான் மாத்துன்னு நெனச்சுட்டேன்னு. அவ கேட்டுட்டே இருந்தா. அப்புறம் மெல்லக் கேட்டா.

"நெசமாலுமே தெரியாமத்தான் அமுக்குனீங்களாம்மா?"

பெத்தவளைப் பாத்துக் கேக்கற கேள்வியா அது. கை எழுந்துபோச்சு எனக்கு. யாரு மேல சத்தியம் பண்ணட்டும், எந்தக் கோயில்ல சூடம் அணைக்கட்டும்னு கத்துனேன். அவ கத்தல.

"நாலு வருசமா நான் வேண்டாம்னு சொன்னதெல்லாம் உங்க காதுல அப்புறம்னுதானே உழுந்திருக்குது. இதுவும் அப்படி உழுந்திருக்கும். விடுங்க."

ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. நான் தையல் மெஷின் முன்னால உக்காந்தேன். கோவம் அவ மேலயா, அந்தப் பெட்டி மேலயா, என்ற மேலயேவான்னு எனக்கே புடிபடல. பன்னெண்டு மணிக்கு வேலை முடிஞ்சு திரை பளிச்சுன்னு எந்திரிச்சு, எல்லாம் தயார், வாங்கன்னு கூப்புட்டுது.

சாயங்காலம் ரிப்பேர்க்காரர் வந்தாரு. வெசயத்தைச் சொன்னதும் ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சுட்டாரு. பழைய பதிப்பையே திருப்பிக் கொண்டாந்தாரு. பொறகு எங்கயோ உள்ள உள்ள போயி, ஒரு எடத்துல எதையோ எழுதுனாரு. இந்தப் பதிப்புலயே நிக்கணும்னு இங்க எழுதி வச்சுட்டா இனிமேல் கேக்காது சேச்சின்னாரு.

"அப்போ வேண்டாம்னு சொல்ல வழி இருக்குதுங்களா?"

"உண்டு. ஒளிச்சு வச்சிருக்கு."

இருந்திருக்குது. இத்தனை நாளும் உள்ளயே இருந்திருக்குது. நாம தேடி அலுத்துப்போயி ஒருநாள் சரின்னு அமுக்கிருவோம்னுதான் ஒளிச்சு வச்சிருக்காங்க. அதைக் கேட்டப்போதான் எனக்கு அன்னிக்கு வந்ததுலயே பெரிய கோவம் வந்துச்சு. அவரு முன்னாலயே கொஞ்சம் பேசிப்போட்டேன். பேசிட்டிருக்கறப்பவே, சாத்துன அந்தக் கதவு என்ற கண்ணுல பட்டுது. பாதியில நிறுத்திட்டேன்.

அவரு போயிக் கால் மணி நேரம் இருக்கும், நாத்தனார் போன் பண்ணுனாங்க. இன்டர்வியூ என்னாச்சுன்னு கேட்டாங்க. நடக்கலைங்கன்னேன். சரி உடு, அதுவும் நல்லதுக்குத்தான், உடுமலைப் பக்கம் ஒரு எடம் இருக்குது, தையில வந்து பாக்கச் சொல்லட்டுமான்னாங்க.

கதவு தெறந்திருந்துச்சு. மக தண்ணி குடிக்க வந்தவ, சொம்பைப் புடிச்சுட்டு அப்படியே நின்னா. என்ற பக்கம் திரும்பல.

"வேண்டாமுங்க"ன்னேன்.

"தையில வேண்டாமா? சரி, சித்திரையில ஞாபகப்படுத்தட்டுமா?"

"வேண்டாமுங்க அண்ணி. அப்புறமும் வேண்டாமுங்க."