நீலத் தொப்பிக்காரி முடித்தாளா?

தம்பி கப்பல் வேலைக்குக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்று பத்துக்குக் கீழே டாக்சிக்காரர் மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தார். மாடியில் அக்காவும் தம்பியும் பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு, செருப்பு மாட்டிய காலோடு டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

டிவியில் ஏதோ ஒரு தூரத்து நகரத்தின் பெண்கள் மாரத்தான். ஜெயித்தவள் ஜெயித்து, கோப்பை வாங்கி, பேட்டி கொடுத்து, குளித்துக்கூட முடித்திருப்பாள். கேமராக்காரருக்கு வேறு வேலை இல்லையோ என்னவோ, எல்லோருக்கும் கடைசியாக வந்துகொண்டிருந்த ஒருத்தியைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நீலத் தொப்பி. நெஞ்சில் 1187. வலது காலை ஊன்றும்போதெல்லாம் அவள் தோள் ஒரு பக்கம் சரிந்தது. அவளுக்குப் பின்னால், முடியாதவர்களை ஏற்றிக்கொள்கிற வேன் ஆமை வேகத்தில் உருண்டது. முப்பத்திரண்டாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டினாள். ஓட்டம் தொடங்கி நாலு மணி பத்து நிமிடம் ஆனதாகத் திரையின் மூலையில் கடிகாரம் காட்டியது.

"இன்னும் பத்து கிலோமீட்டர்டா," என்றாள் அக்கா.

"விட்டுடுவா பாரு. கால் போச்சு."

"விடமாட்டா. மூஞ்சியப் பாரு."

"ஏன், மூஞ்சியாலயா ஓடறா?"

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். "ஏம்ப்பா, கப்பல் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

"கப்பல் நிக்கும்மா. பிளேன்தான் நிக்காது."

"அப்போ கிளம்பேன்! யாரோ ஒருத்தி நொண்டறத ரெண்டு பேரும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்கறீங்களே."

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் எதுவானாலும் முடிவு தெரியாமல் எழுந்து போகக் கூடாது. போட்டவள் அக்கா. பன்னிரண்டு வயதில் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டவள், அதை நிஜமாகவே கழற்றியதில்லை என்று அம்மா சொல்வாள். தம்பியின் ஏழாவது பிறந்த நாளன்று, அவன் அடித்த ஒரே கோலைச் செல்லாது என்று அறிவித்தவள் அவள். அவன் அழுது, கேக்கைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் கையில் பந்து பட்டதை ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து அவளுக்கு ரெஃபரி என்று பெயர். தம்பிக்கு அவள் சொன்னால் அது ஸ்கோர்போர்டில் ஏறின மாதிரி.

நான்காவது ஹாரன் அடித்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாகச் சட்டத்தை மீற வேண்டியதாயிற்று.

"அம்மா, டிவிய அப்படியே வைங்க. இவன ஏத்திவிட்டுட்டு வந்துடறேன்."

மூன்று மாடி, இரண்டு பெட்டி, ஒரு பை. டாக்சி நகரும்போது அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். போய் வருகிறேன் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். அவன் கத்தினான்: "ரெஃபரி! முடிவ சொல்லணும்!"

தெருமுனையில் டாக்சி திரும்பும்வரை நின்று, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தால், திரையில் ஒரு மாமியார் ஒரு மருமகளைப் பார்த்துக் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! ஓட்டம் எங்க?"

"அதான் ஒருத்தி எப்பவோ ஜெயிச்சுட்டாளே. இன்னும் என்ன?"

ரிமோட்டைப் பிடுங்கி மாற்றினாள். அந்தச் சேனலில் வானிலை அறிக்கை போய்க்கொண்டிருந்தது.

ரெஃபரிக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. பல்செட் செய்கிற பட்டறை ஒன்றில் பதினெட்டு வருட வேலை. டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவுக் கலவையை ஊற்றி ஈறு வார்ப்பாள். அதன்மேல் மெழுகு வைத்துப் பற்களை வரிசையாகக் குத்துவாள். கடைசியில் சுழலும் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்குவாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு: வயது, ஆணா பெண்ணா, பல்லின் நிறம். அவ்வளவுதான் தெரியும். அவள் செய்த பல்லோடு யாரோ ஒருவர் ஆப்பிளைக் கடிக்கிறாரா, டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு மறந்தே போகிறாரா என்று இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை. பட்டறை ஜன்னலுக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பல்வரிசையைக் கூர்ந்து பார்ப்பாள்.

அவளுக்கு விளையாட்டு ஏன் பிடித்தது என்று கேட்டால், உடல் பலம், தேசப் பெருமை என்றெல்லாம் சொல்ல மாட்டாள். "விசில் அடிச்சா முடிஞ்சுது. என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். வேற எதுல அப்படி இருக்கு?" என்பாள். ஷூ விளம்பரங்களில் வருகிற, உன்னால் முடியும், எழுந்து ஓடு என்கிற வசனங்கள் அவளுக்கு ஆகாது. அந்த வசனத்தைக் கேட்டு அவள் சோபாவை விட்டு எழுந்ததே கிடையாது, தண்ணீர் குடிக்கத் தவிர. ஆனால் மணி நாலானால் மணிக்கட்டு வலிக்கும், இன்னும் மூன்று பல்செட் பாக்கி இருக்கும். அப்போது, முந்தின நாள் டென்னிஸில் மூன்றாவது செட்டில் ஒரு பந்தை எடுக்கப் பாய்ந்து விழுந்த ஆட்டக்காரியின் முழங்கால் நினைவுக்கு வரும். அடுத்த தட்டை இழுத்துக்கொள்வாள். அதைத் தூண்டுதல் என்று சொல்வதா, சும்மா துணை என்று சொல்வதா என்று அவளுக்கே தெரியாது. டிவிக்காரர்களிடம் அவளுக்கு ஒரே ஒரு குறை: ஜெயித்தவன் பின்னாலேயே ஓடுகிறார்கள். அன்று அதிசயமாக ஒரு கடைசி ஆளைக் காட்டினார்கள். அன்றைக்கென்று அம்மா கையில் ரிமோட்.

தம்பி போய்ச் சேர்ந்தான். கடல் வாந்தி, எஞ்சின் அறைச் சூடு, சாப்பாட்டில் உப்பு இல்லை என்று செய்தி வந்தது. முடிவைப் பற்றிக் கேட்கவில்லை. மறந்துவிட்டான் என்று அவளும் இருந்துவிட்டாள்.

நான்காவது மாதம், பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. ஏதோ துறைமுகத்தில் நின்றிருந்தான். பின்னால் கிரேன் சத்தம்.

"அக்கா, நான் இறங்கிடலாம்னு பாக்கறேன்."

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சனை. தினமும் அதே எண்ணெய், அதே திட்டு, அதே நாலு சுவரு. இன்னும் அஞ்சு மாசம். முடியும்னு தோணல."

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வந்துவிட்டால் சோபாவின் மறுபாதி நிறையும். ஆனால் கம்ப்யூட்டர் வகுப்பை மூன்றாம் மாதம் விட்டவன் அவன், டயர் கடையை ஆறாம் வாரம் விட்டவன். கிளம்புவதற்கு முந்தின நாள் அவனாகவே வந்து, "இத மட்டும் கடைசி வரைக்கும் பாத்துடறேன்க்கா" என்று சொல்லியிருந்தான். அவள் கேட்காமலே சொன்னது.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே கேட்டான்: "ஆமா, அன்னிக்கு அந்த நீலத் தொப்பி. முடிச்சாளா?"

ரெஃபரி தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்காத பந்துக்கு விசில் அடித்தாள்.

"முடிச்சுட்டாடா."

"நெஜமாவா? அந்தக் காலோடயா? எவ்ளோ நேரத்துல?"

இதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. வேறு எந்தத் தம்பியாவது நேரம் கேட்பானா? நாலு மணி பத்துக்கு முப்பத்திரண்டு. மீதி பத்துக்குக் கொஞ்சம் மேல். நொண்டுகிற காலுக்குக் கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் என்று மனக்கணக்கு போட்டாள்.

"அஞ்சு நாப்பத்தொண்ணு."

"அஞ்சு நாப்பத்தொண்ணு," என்று அவன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "சரி, வெச்சுடறேன். வேலை இருக்கு."

அவன் இறங்கவில்லை.

எதிரே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் மெழுகுக்காரர். பட்டறையில் மெழுகு வேலைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கும். "யாரும்மா முடிச்சது?" என்றார். முழுக்கதையையும் சொன்னாள்.

"அப்போ நீ பாக்கவே இல்ல?"

"இல்ல."

"போனால தேடிப் பாரேன். எல்லாம்தான் அதுல கிடக்குதே."

தேடினாள். பந்தயத்தின் முடிவுப் பட்டியல் கிடைத்தது. 1187 அதில் இல்லை. கீழே சின்ன எழுத்தில் ஒரு விதி: ஐந்தரை மணி நேரத்துக்குப் பிறகு வருபவர்களின் நேரம் குறிக்கப்படாது. ஆகவே அவள் முடித்தும் இருக்கலாம், முடிக்காமலும் இருக்கலாம். ஆனால் ஐந்து நாற்பத்தொன்று என்ற நேரத்தை எந்தப் பலகையும் காட்டியிருக்க முடியாது. விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள், விதிக்கு வெளியே பதினோரு நிமிடம் தள்ளி ஒரு பொய்யைச் சொல்லியிருந்தாள். மெழுகுக்காரர் ரொம்ப நேரம் சிரித்தார்.

அன்றே பந்தய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தட்டி அனுப்பினாள். 1187 முடித்தாரா, முடித்திருந்தால் நேரம் என்ன, தயவுசெய்து தெரிவிக்கவும். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொன்று அனுப்பினாள்.

ஒன்பது மாதம் முடிந்து தம்பி வந்தான். கறுத்து, இளைத்து, நிமிர்ந்து வந்தான். அவனோடு புதிதாக ஒரு கருவிப் பெட்டியும் வந்தது. மூடியில் வெள்ளைப் பெயின்டில், கொட்டை எழுத்தில் 5:41.

"இது என்னப்பா, பெட்டியோட விலையா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. ஒரு பொண்ணோட நேரம்." அவன் அம்மாவுக்குக் கதையைச் சொன்னான். எஞ்சின் அறையில் எல்லோருக்கும் தெரியுமாம். யாராவது சலித்துக்கொண்டால், "அஞ்சு நாப்பத்தொண்ணு" என்பார்களாம். ஒரு வேற்று நாட்டு எஞ்சினியர்கூட அதை மட்டும் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டாராம்.

ரெஃபரி கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

பிறகு பாத்திரம் கழுவும்போது அம்மா குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நான்தானேடி சேனல மாத்தினேன்?" என்றாள்.

"அம்மா, தயவுசெஞ்சு வாயத் திறக்காதீங்க."

"நான் எதுக்குத் திறக்கறேன்? விசில் உன் கையிலதான இருக்கு."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். அந்த விடுமுறையில் இருவரும் சேர்ந்து பதினாறு ஆட்டங்கள் பார்த்தார்கள். பதினாறு இடைவேளையிலும் வாயைத் திறந்து, பதினாறிலும் வேறு ஏதோ பேசினாள். அவன் கோபித்துக்கொள்வானே என்று அவள் பயப்படவில்லை. இனி எந்த ஆட்டத்தின் முடிவை அவள் சொன்னாலும், அவன் ஒரு தடவை போனில் சரிபார்ப்பானே! பயம் அதற்குத்தான். அவன் இரண்டாம் தடவை கப்பல் ஏறினான். இந்த முறை டாக்சிக்காரர் ஹாரன் அடிக்க வேண்டியிருக்கவில்லை. சீக்கிரமே இறங்கிப் போய் நின்றிருந்தான். அவள் மேலே வந்து மூன்றாவது கடிதம் எழுதினாள். அடுத்த வருடம் நான்காவது.

மற்றபடி வாழ்க்கைக்கு ஒரு குறையும் இல்லை. பட்டறைக்குப் புதுச் சக்கரம் வந்தது. மணிக்கட்டு வலி பாதியானது. அம்மா மெல்ல டென்னிஸ் பார்க்கப் பழகினாள். எந்த ஆட்டக்காரி பெற்றவளுக்குத் தினமும் போன் செய்வாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லி, அவள் ஜெயிக்க வேண்டும் என்று கையைப் பிசைவாள். மாரத்தான் வந்தால் மட்டும் ரிமோட்டைத் தானாகவே மகளிடம் கொடுத்துவிடுவாள்.

தம்பி முதல் தடவை கிளம்பி நான்கு வருடம் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கை முழுக்க மாவுக் கலவையோடு இருந்தபோது போனில் ஒரு கடிதம் வந்தது. கையைக் கழுவாமல் முழங்கையால் தட்டித் திறந்தாள்.

"வணக்கம். நீங்கள் பந்தய அலுவலகத்துக்கு எழுதிய நான்கு கடிதங்களையும் இன்று மொத்தமாக எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். 1187 நான்தான். தொப்பி என் மகனுடையது. அன்று நான் முடிக்கவில்லை. நாற்பதாவது கிலோமீட்டரில் பின்னால் வந்த வேனில் ஏறிக்கொண்டேன். டிரைவர் ஒரு ஆப்பிள் கொடுத்தார், நன்றாக இருந்தது. அடுத்த வருடம் ஒருநாள் அந்தச் சாலையில் பஸ்ஸில் போனபோது அதே இடம் வந்தது. என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டேன். கையில் காய்கறிப் பையோடு மீதித் தூரத்தை ஓடினேன். ஒரு நாய் மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்தது. நேரமும் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் கடிகாரத்தை நிறுத்தாமல் கணக்குப் போட்டால் ஒரு வருடம், பதினொரு நாள், நாலு மணி, இருபது நிமிடம். இதை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. நீங்கள் யார்?"

ரெஃபரி இரண்டு தடவை படித்தாள். கிண்ணத்தில் கலவை கல்லாக இறுகிவிட்டது. "என்னம்மா, மாவு போச்சே," என்றார் மெழுகுக்காரர். "போகட்டும்," என்றாள். அவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மெழுகைச் சூடாக்கப் போனார்.

அவள் கை கழுவி, உட்கார்ந்து, அந்தக் கடிதத்தைத் தம்பிக்கு அனுப்பினாள். மேலே மூன்று வரி எழுதினாள்: "அன்னிக்கு நான் முடிவப் பாக்கல. மேல வர்றதுக்குள்ள அம்மா சேனல மாத்திட்டாங்க. அஞ்சு நாப்பத்தொண்ணு நானா சொன்னது."

அவன் கப்பல் நடுக்கடலில் இருந்தது. புதன் போனது. வியாழன் அவள் ஒரு பல்செட்டில் பல்லின் நிறத்தையே தவறாக எடுத்து, திருப்பிக் குத்தினாள். வெள்ளிக்கிழமை மதியம், டிபன் டப்பாவைத் திறக்கும்போது பதில் வந்தது.

"ரெட் கார்டு அம்மாவுக்கு. உனக்கு மஞ்சள். பழசை அடிச்சுட்டு புது நேரம் எழுதிட்டேன், மூடி முழுக்க ஆயிடுச்சு. பெயின்ட் காயட்டும், போட்டோ அனுப்பறேன். அந்தம்மாவுக்கு நீ யாருன்னு பதில் போட்டியா இல்லையா?"