வால்டர் வீட்டு இங்கிலீஷ் வண்டி

பல் துலக்குவதற்கு முன்பே வால்டர் தெருவில் மண்டியிட்டு, தன் காருக்கு அடியில் வைத்திருக்கும் பழைய பேக்கரித் தட்டை வெளியே இழுத்துப் பார்க்கிறார். இரவெல்லாம் சொட்டிய எஞ்சின் ஆயில் அதில் தேங்கியிருந்தால் முகம் மலர்கிறது. அதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, எங்கிருந்து ஒழுகியதோ அங்கேயே திரும்ப ஊற்றிவிட்டு எழுந்திருக்கிறார். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு விளக்கமும் உண்டு. "ஒழுகுனா உள்ள ஆயில் கீதுன்னு அர்த்தம். ஒழுகாத வண்டிய நம்பக்கூடாது நைனா. எப்போ காஞ்சி பூடும்னே தெரியாது."

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, மாதா கோயில் மணி இங்கே கணீரென்று கேட்கும். மற்றது வால்டரின் கார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் அவர். கப்பல் கம்பெனி ஒன்றின் வெள்ளைக்கார மானேஜர் ஊருக்கே போய்விடுவதென்று கிளம்பியபோது, நாயை ஒருவரிடமும் காரை வால்டரிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனாராம். நாய் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. காருக்கு நீண்ட மூக்கு, துணிக் கூரை, முதுகில் ஒரு ஸ்பேர் சக்கரம், இரண்டே இரண்டு இருக்கைகள். பந்தயத்தில் ஓடுவதற்காகவே செய்த ஜாதி என்பார் வால்டர். செய்த கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அந்தக் கார் கட்டாயம் போகும். வால்டர் ஓட்டுவார், நாங்கள் தள்ளுவோம். பூசைக்குப் போகிறவர்கள் எப்படியும் அந்த வழியாகத்தான் நடக்கப் போகிறார்கள், நடக்கிற கைகள் சும்மா இருப்பானேன் என்பது அவருடைய நியாயம். தள்ளுவதிலும் ஆளுக்கொரு இடம் உண்டு. எனக்கு இடது பின்பக்க மட்கார்டு. என் போர்ஷனில் முன்பு குடியிருந்த தபால்காரர் காலி செய்யும்போது, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் இந்த மட்கார்டையும் சேர்த்துத்தான் எனக்கு விட்டுச் சென்றார். எல்லாரும் வேர்த்து வழியும்போதும் வால்டர் சாலை விதிகளை மீறுவதில்லை. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கையை முழு நீளத்துக்கு வெளியே நீட்டிக் காட்டுவார். பின்னால் வருவது நாங்கள்தான். எங்களுக்கும் வழி தெரியும். ஆனாலும் காட்டுவார்.

இந்த ஊரில் அவரைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் வண்ணாரப்பேட்டை தோல் வியாபாரி சௌக்கத் அலி. அவரிடம் இருப்பது இத்தாலிக் கார். அதுவும் இரண்டு இருக்கை, அதுவும் பந்தய ஜாதி. ஞாயிறு மாலைகளில் கடற்கரைச் சாலையில் இரண்டு கார்களையும் கடலைப் பார்த்து நிறுத்தி, இரண்டு பானட்டுகளையும் திறந்து வைத்து, இருவரும் டீ குடித்தபடி ஒப்பிட்டுப் பேசுவார்கள். அந்தக் கார்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தன என்று மட்டும் கேட்கக்கூடாது.

"உன் வண்டிக்கு ஒயரிங் சரியில்ல பாய். இண்டிகேட்டரைப் போட்டா ஹாரன் அடிக்குது."

"அடிக்குதுல்ல? உன்துல அதுவும் இல்லியே. என் வண்டி ஸ்டார்ட் ஆச்சின்னா எண்ணூரு வரைக்கும் கேள்வி கெடையாது."

"அங்க போயி கேள்வி வரும். போன தபா மாட்டு வண்டி கட்டித்தானே இஸ்துகினு வந்தே?"

"மாடு இஸ்தா இன்னா, என் எஞ்சின்ல ஒரு சொட்டு ஒழுகலியே."

இருவரும் ஒத்துப்போகும் இடம் ஒன்றே ஒன்று. எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என்ஜினீயரிடம் ஒரு ஜெர்மன் கார் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது, நிறுத்தினால் நிற்கிறது. அந்த மனிதரைப் பற்றிப் பேச்செடுத்தாலே இருவருக்கும் பரிதாபம் பொங்கிவிடும். "பாவம், பானட்ட தொறக்கவே வேலையில்லியாம். அது இன்னா பொழப்பு" என்பார் சௌக்கத் அலி. வால்டர் தலையை ஆட்டி ஆமோதிப்பார்.

பாகம் கெட்டுப்போனால் கடையில் கிடைக்காது. அதற்கு வால்டரின் வழி கப்பல். அவருடைய மச்சான் இன்னாசி சரக்குக் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறார். வாட்டர் பம்ப் ஒன்று லண்டனில் வாங்கிவரச் சொல்லி அனுப்பினார் வால்டர். அந்தச் சமயம் பார்த்து சூயஸ் கால்வாயை மூடிவிட்டார்கள். இன்னாசியும் வாட்டர் பம்பும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். உலக அரசியல் தன் காரைக் குறிவைத்துத்தான் நடக்கிறது என்ற சந்தேகம் வால்டருக்கு அப்போதுதான் வந்தது. கடைசியில் வந்து சேர்ந்தது லாரிக்குப் போடும் பம்ப். அவர் அதைத் திருப்பி அனுப்பவில்லை. ஷோகேஸில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் துடைத்து வைத்திருக்கிறார். "லண்டன் சாமான், வீணாக்கக் கூடாது."

உப்புக் காற்றில் இரும்பு அரித்துப்போகும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். கட்டுமரக்காரர்கள் மரத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவதைப் பார்த்த வால்டர், மரத்துக்கு நல்லது இரும்புக்கும் நல்லதுதானே என்று காருக்கு அடியிலெல்லாம் சுறா எண்ணெயைப் பூசிவிட்டார். துரு நின்றதோ இல்லையோ, பூனைகள் வந்தன. காசிமேட்டுப் பூனைகள்கூட விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு சாம்பல் நிறப் பூனை இருக்கைக்குப் பின்னால் குட்டி போட்டபோது, "பாத்தியா, உள்ள எவ்ளோ எடம் கீது" என்றார் வால்டர்.

இத்தனைக்கும் நடுவில் ஃப்ளோரன்ஸ் அம்மாள் இருக்கிறார். வால்டரின் மனைவி, அதிகம் பேசாதவர். வால்டர் சில நாட்கள் மாலையில் வேர்த்துக்கொண்டு வந்து, "திருவொத்தியூர் வரைக்கும் போய்ட்டு வந்தேன் ஃப்ளோரி, சும்மா பறக்குது" என்பார். அம்மாள் கையிலிருக்கும் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வருவார். எஞ்சின் ஓடிய சூடு இருக்கிறதா என்று ஜுரம் பார்ப்பதுபோல் பானட்டின் மேல் புறங்கையை வைப்பார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். பானட் பேசும், மனுஷன் பேச வேண்டாம் என்பது அவர் சித்தாந்தம். அந்தப் புறங்கைக்கு முன்னால் வால்டரின் திருவொத்தியூர்கள் பல செத்திருக்கின்றன.

மகள் டோரதிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வால்டர், "பொண்ணு நம்ம வண்டிலதான் கோயிலுக்குப் போவும்" என்றார். டோரதி அழுதேவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்குத் 'தள்ளுவண்டி' என்றுதான் பெயர். அந்தப் பெயர் கல்யாண நாளில் மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுவதைவிட நடந்தே போய்விடுகிறேன் என்றாள். வீட்டில் மூன்று நேரமும் சண்டை. கடைசியில் ஃப்ளோரன்ஸ் அம்மாள் தீர்ப்புச் சொன்னார்.

"சரி, உங்க வண்டிலயே இட்டாங்க. ஆனா அது தானா ஓடி வரணும். எஞ்சின் ஓடாம கோயில் வாசலுக்கு வந்திச்சின்னா, திங்கக்கெழம ஜஹாங்கீர் பாய் இரும்புக் கடைலேந்து ஆள் வருவாங்க. வெட்டி எடுத்துகினு போவட்டும். எனக்கு வாசல் வேணும்."

ஜஹாங்கீர் கடைக்கு நேரில் போய்ச் சொல்லிவைத்தவள் டோரதி.

அதன் பிறகு வால்டரைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு பானட்டுக்குள் தலையைவிட்டபடியே கிடந்தார். சௌக்கத் அலி தினமும் கடையைப் போட்டது போட்டபடி வந்து, எதிரியின் கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். "இது போயிட்ச்சின்னா நான் யார் வண்டிய பாத்து சிரிக்கறது" என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கல்யாணம் ஜனவரி மாதத்தில் ஒரு குளிர்ந்த காலை. முந்தின நாளே காரைச் சீயக்காய் போட்டுக் கழுவி, பூனைக் குடும்பத்துக்கு வேறு ஜாகை பார்த்துக் கொடுத்து, மூக்கின் மேல் வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஃப்ளோரன்ஸ் அம்மாள் உறவுக்காரர்களோடு டாக்ஸியில் முன்னாலேயே போய்க் கோயில் வாசலில் நின்றுகொண்டார். தன் இத்தாலிக் காரில் ஊர்வலத்துக்கு முன்னால் போவதாக வாக்களித்திருந்த சௌக்கத் அலி ரிக்ஷாவில் வந்து இறங்கினார். "பேஜாரு பண்ணிட்ச்சி, பாலத்துக்குக் கீழ நின்னுகினு கீது" என்றார். அப்புறம் அத்தர் மணக்கும் சட்டையின் கையை மடித்துவிட்டு எனக்குப் பக்கத்து மட்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

டோரதி வெள்ளை கவுனும் வலைக் கையுறையுமாக வந்து அப்பாவின் பக்கத்தில் ஏறினாள். யாரையும் பார்க்கவில்லை. வால்டர் சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். எஞ்சின் ஒரு தரம் தும்மியது. எங்களுக்குத் தெரிந்த தும்மல்தான். தள்ளினோம். அந்த நேரம் பார்த்துப் பேண்டுக்காரர்கள் முழங்க ஆரம்பித்தார்கள். "புட்ச்சிகிச்சி, வுட்டுடுங்க" என்று வால்டர் கை காட்டினார். விட்டோம். கார் நின்றது. மறுபடி பிடித்துக்கொண்டோம். அப்புறம் யாரும் விடவில்லை.

துணிக் கூரையை மடித்து வைத்திருந்ததால், பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் பேச்சு கேட்டது.

"எஞ்சின் சத்தம் கேக்குதா கண்ணு?" என்றார் வால்டர்.

"பேண்டு சத்தம்தான் கேக்குது டாடி."

பத்து வருஷமாக அந்த மனிதர் வாய் மூடி நான் பார்த்ததில்லை. இங்கிலீஷ் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை, இத்தாலியைப் பற்றி ஒரு வசை, எதுவும் இல்லை. கழுத்து மட்டும் விறைத்திருந்தது. கோயில் தெருமுனை வந்ததும் வலது கையை முழு நீளத்துக்கு வெளியே நீட்டினார். எனக்கு அந்த இடத்தில் கேலி வரவில்லை, துக்கமாகத்தான் இருந்தது. டோரதி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முனை திரும்பினால் வாசல் வரை சின்னச் சரிவு. "இப்போ கைய எட்த்துடுங்கப்பா" என்றார் வால்டர் மெல்ல. எடுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மற்ற விருந்தாளிகள்போல நடந்தோம். கார் பேண்டு முழங்க, ரிப்பன் பறக்க, யார் தயவும் இல்லாததுபோல் தானே உருண்டு போய் வாசலில் நின்றது. கூட்டத்தில் சிலர் கைகூடத் தட்டினார்கள். நான் வேகமாகப் போய்ப் பெண் இறங்குவதற்காகக் கதவைத் திறந்தேன். தடுமாறிப் பானட்டில் கை ஊன்ற வேண்டியிருந்தது. கடற்காற்றில் நனைந்து, மீன் வைக்கும் ஐஸ்பெட்டிபோல் சில்லிட்டிருந்தது.

பட்டுச் சேலையும் மல்லிகையுமாக ஃப்ளோரன்ஸ் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகளைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. நேராகக் காரின் மூக்கை நோக்கி வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் ஜஹாங்கீர் பாய் தொப்பியும் கோட்டுமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கல்யாணப் பத்திரிகை போயிருந்தது. சௌக்கத் அலி தரையைப் பார்த்தார். வால்டர் ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அம்மாளின் புறங்கை நீண்டது. அதற்குள் டோரதி இறங்கிவிட்டாள். வலது கையின் உறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினாள். அம்மாவுக்கு முன்னால் புகுந்து, உள்ளங்கையை அந்தப் பானட்டின் மேல் முழுதாக வைத்தாள்.

சுட்டதுபோல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தொடாதே மம்மி" என்றவள், விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே கோயில் படியேறினாள்.